மிதக்கும் நகரமும் கரையில் நிற்கும் ஊரும்

2024 ஜனவரி 23ஆம் தேதி. அமெரிக்காவின் மியாமி துறைமுகம். கால்பந்து வீரர் லயோனல் மெஸ்ஸி ஒரு பந்தை எடுத்து, மேடையில் அதற்கென்றே செய்து வைத்திருந்த பீடத்தின் மேல் வைத்தார். அடுத்த நொடி கப்பலின் முகப்பில் ஷாம்பெயின் பாட்டில் மோதி உடைந்தது. ஒரே கைதட்டல்! 'ஐகான் ஆஃப் த சீஸ்' என்ற புதிய சொகுசுக் கப்பலின் பெயர் சூட்டு விழா இனிதே முடிந்தது. நான்கு நாள் கழித்து, ஜனவரி 27 அன்று, அது தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. அன்றைய தேதியில் உலகிலேயே பெரிய பயணிகள் கப்பல் அதுதான்.

எவ்வளவு பெரியது? நீளம் 365 மீட்டர். தளங்கள் 20. ஓர் அறைக்கு இருவர் என்று கணக்கிட்டால் 5,610 பயணிகள். எல்லாப் படுக்கைகளும் நிரம்பினால் 7,600 பேர் வரை. பணியாளர்கள் மட்டும் 2,350 பேர். ஆக, ஏறக்குறைய பத்தாயிரம் பேர். ஒரு சிறிய பேரூராட்சியின் ஜனத்தொகை! மொத்த டன் என்று ஒரு கணக்கு உண்டு. பெயரில் டன் இருந்தாலும் அது எடை அல்ல, கப்பலுக்குள் இருக்கும் இடத்தின் அளவு. அந்தக் கணக்கில் இந்தக் கப்பல் 2,48,663. 1912இல் மூழ்கிய டைட்டானிக் சுமார் 46,000தான்.

இந்த மாதிரி செய்திகள் வரும்போதெல்லாம் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் ஒரே பாட்டைத்தான் பாடும். எத்தனை நீச்சல் குளம், எத்தனை உணவகம், எத்தனை தளம்! கேட்பவர்களும் வாயைப் பிளந்து கேட்பார்கள். வியப்பதில் தவறே இல்லை. ஆனால் இத்தனை வசதிகள் எதற்காக ஒரே கப்பலுக்குள் அடைக்கப்பட்டிருக்கின்றன என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால்தான் விழாவின் உண்மையான அர்த்தம் புரியும்.

விழா யாருக்காக?

கப்பலுக்குப் பெயர் வைத்து பாட்டில் உடைப்பது பழைய மேலைநாட்டு வழக்கம். மேல்தட்டுப் பெண் ஒருவரை 'ஞானத்தாய்' என்று அழைத்து, அவர் கையால் உடைக்கச் செய்வார்கள். கப்பலும் அதில் செல்பவர்களும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்ற வேண்டுதல் அது. ஆயுத பூஜையன்று லாரிக்கு முன் பூசணிக்காய் உடைப்பதை நினைத்துக் கொள்ளுங்கள்! (டைட்டானிக்கின் நிறுவனத்துக்கு இந்த வழக்கமே இல்லை. 1911இல் அதை பாட்டில் உடைக்காமல்தான் நீரில் இறக்கினார்கள். அதனால்தான் மூழ்கியது என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு!)

இன்றைய விழா வேண்டுதலைத் தாண்டிய ஒன்று. 'ஐகான்' பின்லாந்து நாட்டின் துர்க்கு நகரில், மெயர் துர்க்கு கப்பல் கட்டும் தளத்தில் உருவானது. 2022 டிசம்பரிலேயே அது நீரில் மிதந்துவிட்டது. 2023 நவம்பர் 27இல் ராயல் கரீபியன் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டும் விட்டது. அப்படியானால் ஜனவரியில் நடந்தது என்ன? விளம்பரம். மெஸ்ஸி அப்போது விளையாடிக் கொண்டிருந்தது இன்டர் மியாமி அணியில். அந்த அணியின் சட்டையில் இடம்பெற்ற விளம்பரதாரர் யார் தெரியுமா? அதே ராயல் கரீபியன்தான்.

புதிய கப்பல் வரும்போது பயண முகவர்களையும் பத்திரிகையாளர்களையும் அழைத்து, ஓரிரு இரவுகள் தங்கவைத்து, சுற்றிக் காட்டி அனுப்புவது இந்தத் தொழிலில் வழக்கம். வந்தவர்கள் ஊருக்குப் போய் எழுதுவார்கள், பேசுவார்கள், டிக்கெட் விற்பார்கள். புதிய கடை திறப்பு விழாவுக்கு நடிகையை அழைப்பதற்கும் இதற்கும் அளவில்தான் வித்தியாசம்.

கப்பலைச் சுற்றி வருவோம்

அப்படி அழைக்கப்பட்ட ஒரு விருந்தினர் ஐகானுக்குள் நுழைகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். முதலில் அவர் கண்ணில் படுவது 'ராயல் ப்ராமனேட்'. கடைத்தெரு போன்ற நீண்ட நடைவழி. நடுவில் 'பேர்ல்' என்ற பெயரில் மூன்று தள உயரத்துக்கு ஓர் உருண்டை நிற்கிறது. அது அலங்காரப் பொருள் மட்டும் அல்ல, மேலே உள்ள தளங்களின் பாரத்தைத் தாங்கும் கட்டுமானமும் கூட. இரு பக்கமும் கடைகள், மதுக்கூடங்கள், உணவகங்கள்.

மேலே போனால் 'சென்ட்ரல் பார்க்'. நடுக்கடலில் உண்மையான செடி கொடிகளோடு ஒரு பூங்கா! கப்பலின் முன்பகுதி உச்சியில் 'அக்வாடோம்' என்ற கண்ணாடிக் கூரை அரங்கம். அதற்குள் 55 அடி உயரத்தில் இருந்து செயற்கை அருவி கொட்டுகிறது. பின்பக்கம் நீர் விளையாட்டுப் பூங்கா, அதில் ஆறு சறுக்குகள். மொத்தம் ஏழு நீச்சல் குளங்கள். பனிச்சறுக்கு அரங்கம், நாடக அரங்கம், சூதாட்டக் கூடம், உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் உண்டு. 'கிரவுன்ஸ் எட்ஜ்' என்ற இடத்தில் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, கடலுக்கு 154 அடி மேலே, குறுகிய பலகைகளில் கால் வைத்து நடக்கலாம். கப்பலிலேயே வசிக்கும் ரோவர் என்ற கோல்டன் ரெட்ரீவர் நாய் வேறு! குழந்தைகள் அதோடு படம் எடுத்துக் கொள்ள ஓடுகிறார்கள்.

'சர்ஃப்சைடு' என்று சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கென்றே ஒரு பகுதி. குடைராட்டினம், குழந்தைகளுக்கான குளம், பக்கத்திலேயே பெற்றோருக்கான குளம், சாப்பாடு, பானங்கள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு வேறு எங்கும் போகவேண்டிய அவசியமே வராது.

கடைசியாகச் சொன்ன அந்த வரியை மறுபடி படித்துப் பாருங்கள். "வேறு எங்கும் போகவேண்டிய அவசியமே வராது." மொத்தக் கப்பலுக்கும் அதுதான் சூத்திரம்!

வசதியின் கணக்கு

முன்பெல்லாம் பயணிகள் கப்பல் என்பது ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக உதவும் வாகனம். விமானம் வந்ததும் அந்த வேலை போய்விட்டது. பிறகு கப்பல் நிறுவனங்கள் கண்டுபிடித்த வழிதான் சுற்றுலா. ஆரம்பத்தில் கப்பல் ஒரு விடுதி மாதிரி. நாலைந்து துறைமுகங்களைப் பார்க்கலாம், இரவில் வந்து படுக்கலாம். இன்று கப்பலே சுற்றுலாத் தலம். துறைமுகங்கள் வெறும் தொடுகறி ஆகிவிட்டன.

இதற்கு வணிகக் காரணம் உண்டு. கப்பலின் பெரும்பாலான செலவு நிலையான செலவு. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் எரிபொருள், சம்பளம், கடன் தவணை எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். ஐகான் ஏறத்தாழ 200 கோடி டாலரில் கட்டப்பட்டது. இந்த முதலீட்டைத் திரும்ப எடுக்க முதலில் அறைகளை நிரப்ப வேண்டும். நிரப்பிய பிறகு, ஏறியவரிடம் மேற்கொண்டு விற்க வேண்டும். ராயல் கரீபியன் குழுமத்தின் 2023ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் மொத்த வருவாய் சுமார் 1,390 கோடி டாலர். அதில் டிக்கெட் மூலம் வந்தது ஏறக்குறைய 70 சதவீதம்தான். மீதி 30 சதவீதம் கப்பலுக்குள் நடந்த விற்பனையும் அது சார்ந்த பிற வருமானங்களும்.

நீர்ச்சறுக்குக்கும் நாடகத்துக்கும் தனிக் கட்டணம் இல்லை. பிரதான உணவுக்கூடத்தில் சாப்பாடும் டிக்கெட்டிலேயே அடக்கம். ஆனால் மது, இணைய இணைப்பு, சிறப்பு உணவகங்கள், அழகு நிலையம், சூதாட்டம் எல்லாவற்றுக்கும் தனிக் காசு. கயிறு கட்டி நடக்கும் அந்த சாகசத்துக்கும் அப்படியே. கையில் பணமும் எடுக்க வேண்டாம். கப்பல் அட்டையைக் காட்டினால் போதும், எல்லாம் கணக்கில் ஏறிவிடும். நூறு ரூபாய் நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது வரும் வருத்தம் அட்டையைக் காட்டும்போது வராது. சூப்பர் மார்க்கெட் வண்டியில் சாமான்கள் தானாக நிரம்புவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பயணி கரையில் இறங்கிச் சாப்பிட்டால் அந்தக் காசு ஊர்க்காரருக்கு. கப்பலில் இருந்து சாப்பிட்டால் நிறுவனத்துக்கு. ஆகவே ஒவ்வொரு புதிய அருவியும் ஒவ்வொரு புதிய குளமும் பயணியைப் பார்த்து, "இறங்காதே, இங்கேயே இரு" என்று சொல்கின்றன.

தீவும் சொந்தம்

சரி, இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஐகானின் முதல் பயணம் ஏழு இரவுகள். அதில் ஒரு நிறுத்தம் பஹாமாஸில் உள்ள கோகோ கே. அது ராயல் கரீபியன் நடத்தும் தனித் தீவு. 25 கோடி டாலர் செலவில் புதுப்பித்து 2019இல் திறந்தார்கள். பயணி கப்பலை விட்டு இறங்குகிறார், கடற்கரையில் நடக்கிறார், செலவு செய்கிறார். ஆனால் அந்தக் காசு பெரும்பாலும் அதே நிறுவனத்தின் பெட்டிக்குள்தான் விழுகிறது!

அதே பயணத்தின் இன்னொரு நிறுத்தம் செயின்ட் கிட்ஸ் தீவின் பாசட்டேர். செயின்ட் கிட்ஸ் நெவிஸ் நாட்டின் மொத்த மக்கள்தொகையே 50,000க்குள். ஐகான் ஒன்று வந்து நின்றால் நாட்டு மக்களில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலான கூட்டம் ஒரே காலையில் இறங்கக்கூடும். மாலையில் போய்விடும். சாலை, குடிநீர், குப்பை, போக்குவரத்து என அத்தனை சுமையும் அந்த ஊருக்கு. ஆனால் அந்தப் பயணிகள் இரவு தங்குவதில்லை, விடுதிக்கு வாடகை கிடையாது. காலைச் சாப்பாட்டையும் இரவுச் சாப்பாட்டையும் கப்பலில்தான் முடிக்கிறார்கள். டாக்சிக்காரருக்கும் நினைவுப் பொருள் விற்பவருக்கும் ஏதோ கிடைக்கிறது. இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கப்பலின் அளவு ஐந்து மடங்கு ஆனதால் ஊரின் வருமானமும் ஐந்து மடங்கு ஆகிவிடும் என்று நினைப்பது தப்புக் கணக்கு.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட ஊர்கள் பேச ஆரம்பித்துவிட்டன. வெனிஸ் நகரின் மையத்தை ஒட்டிய கால்வாயில் பெரிய கப்பல்கள் வருவதை இத்தாலி 2021 ஆகஸ்ட் முதல் தடை செய்தது. அலாஸ்காவின் ஜூனோ நகரம் 2024இல் இருந்து ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்கள் போதும் என்று கப்பல் நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. பிறகு பயணிகளின் எண்ணிக்கைக்கும் தினசரி வரம்பு பேசி முடித்தது. இவை ஒன்றும் சுற்றுலாவை வெறுக்கும் ஊர்கள் அல்ல. சுற்றுலாவால் வாழும் ஊர்கள்!

புகைப்படத்தில் வராதவர்கள்

விழாப் படங்களில் அருவி வரும், மெஸ்ஸி வருவார். 2,350 பணியாளர்கள் ஓரமாகத்தான் வருவார்கள். சொகுசுக் கப்பல்களில் வேலை செய்பவர்களில் பெரும் பகுதியினர் பிலிப்பைன்ஸ், இந்தியா, இந்தோனேசியா போன்ற நாடுகளைச் சேர்ந்தவர்கள். கேட்டரிங் படித்த தமிழ்நாட்டு இளைஞர்கள் பலருக்கும் கப்பல் வேலை என்பது ஒரு கனவு.

கப்பல் மியாமியில் இருந்து புறப்படுகிறது. ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள். ஆனால் கப்பலின் கொடி பஹாமாஸ் நாட்டுடையது. நிறுவனம் பதிவு செய்யப்பட்டிருப்பது ஆப்பிரிக்காவின் லைபீரியாவில்! இதெல்லாம் சட்டப்படியே நடக்கிறது. இந்த ஏற்பாட்டால் கப்பல் வருமானத்தின் பெரும் பகுதிக்கு அமெரிக்க வருமான வரி இல்லை, பணியாளர்களுக்கு அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் இல்லை. அவர்களுக்குப் பாதுகாப்பாக இருப்பது 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. அதன்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, ஏழு நாளில் குறைந்தது 77 மணி நேர ஓய்வு தரவேண்டும். திருப்பிப் போட்டுப் பார்த்தால், வாரத்துக்கு 91 மணி நேரம் வரை வேலை வாங்க அந்தக் கணக்கு இடம் கொடுக்கிறது! நிலத்தில் 48 மணி நேர வாரம் என்று படித்தவர்களுக்கு இது திகைப்பாக இருக்கும்.

2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பல் கொரோனாவால் முடக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். கப்பலில் இருந்தவர்கள் 3,711 பேர். 700 பேருக்கு மேல் தொற்று. பயணிகள் அறைக்குள் அடைபட்டிருந்தபோது அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தது பணியாளர்கள். அதில் 132 பேர் இந்தியர்கள். மிதக்கும் நகரத்தில் ஒரு நெருக்கடி வந்தால் யார் கதவுக்கு உள்ளே, யார் வெளியே என்பது அன்று தெரிந்தது.

மறுபக்கமும் உண்டு

நியாயமாகப் பேச வேண்டும். ஒரு சராசரிக் குடும்பத்துக்குக் கப்பல் சுற்றுலாவில் நிஜமான வசதிகள் இருக்கின்றன. ஒரே முறை பெட்டியைப் பிரித்தால் போதும். முழங்கால் வலியுள்ள பாட்டியும் மூன்று வயதுக் குழந்தையும் ஒன்றாகப் போகலாம். சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம். கப்பல் வேலையில் வரும் சம்பளத்தால் வீடு கட்டியவர்கள், தங்கைக்குக் கல்யாணம் செய்தவர்கள் ஏராளம். துர்க்கு நகரில் ஆயிரக்கணக்கானோர் கப்பல் கட்டிப் பிழைக்கிறார்கள். எரிபொருளிலும் முயற்சி இல்லாமல் இல்லை. ஐகான் திரவ இயற்கை எரிவாயுவில் ஓடக்கூடியது. பழைய கப்பல் எண்ணெயைவிட இதில் கந்தகமும் கரியும் மிகக் குறைவு. ஆனால் எரியாமல் தப்பும் மீத்தேன் பிரச்சினை. இருபது ஆண்டுக் கணக்கில் மீத்தேன், கரியமில வாயுவைவிட 80 மடங்கு அளவுக்குச் சூடேற்றும். ஆகவே 'பசுமைக் கப்பல்' என்ற பட்டத்தை உடனே கொடுத்துவிட முடியாது.

எனவே கப்பலே வேண்டாம் என்பது வாதம் அல்ல. லாபம் தேடுவது நிறுவனத்தின் வேலை, அதைச் செய்கிறது. தன் பங்கைக் கேட்பது ஊரின் வேலை. அதை ஊர் செய்கிறதா என்பதுதான் கேள்வி.

சென்னைக்கு இதில் என்ன?

2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலும் இதே மாதிரி ஒரு விழா நடந்தது. கோர்டிலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பலின் பயணத்தை முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். புதிய சேவை, ஆனால் புதிய கப்பல் அல்ல. அது 1990இல் இதே ராயல் கரீபியனில் 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் ஓடத் தொடங்கிய கப்பல்! 11 தளங்கள். ஐகானில் ஐந்தில் ஒரு பங்குதான் அளவு. ஆனாலும் செய்திகளில் அதே பாட்டு. நீச்சல் குளம், திரையரங்கம், உணவகம்...

பிறகு அந்தக் கப்பல் புதுச்சேரிக்குப் போனபோது, உள்ளே சூதாட்டம் இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, அனுமதி கிடைக்கவில்லை. விவாதம் முழுக்கக் கலாச்சாரம் கெடுமா கெடாதா என்பதைச் சுற்றியே நடந்தது. ஒரு பயணி புதுச்சேரியில் எத்தனை மணி நேரம் இருப்பார், ஆட்டோக்காரருக்கும் சிறு உணவகத்துக்கும் என்ன கிடைக்கும், கப்பலின் குப்பையும் கழிவு நீரும் எங்கே போகும் என்ற விவாதம் பெரிதாக எழவில்லை. 2023 ஜூனில் அதே கப்பல் சென்னையில் இருந்து இலங்கைக்குப் போய் காங்கேசன்துறையையும் தொட்டது. போரால் பல ஆண்டு முடங்கிக் கிடந்த அந்தச் சிறிய துறைமுகத்துக்கு அது நல்ல செய்திதான். ஆனால் அங்கும் அளக்க வேண்டியது கப்பலின் நீளத்தை அல்ல. யாழ்ப்பாணத்துக் கடைக்காரரின் அன்றைய கல்லாவை!

2024 செப்டம்பர் 30 அன்று மத்திய அரசு 'குரூஸ் பாரத்' திட்டத்தைத் தொடங்கியது. 2029க்குள் சொகுசுக் கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவது இலக்கு. இலக்கு பயணிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். எண்ணிக்கை இரட்டிப்பாகலாம், ஊருக்குக் கிடைப்பது அப்படியே இருக்கலாம்.

ஆகவே இனி ஒரு கப்பல் வரும்போது துறைமுக நகரங்கள் சில நிபந்தனைகளையாவது எழுத்தில் வாங்க வேண்டும். காலையில் வந்து மதியமே கிளம்பாமல், ஓர் இரவாவது கரையில் நிற்க வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணம் வாங்கி, அதை அந்த ஊரின் குடிநீருக்கும் குப்பைக்கும் மட்டுமே செலவிட வேண்டும். காய்கறி, மீன், பால் ஆகியவற்றில் ஒரு பங்கைப் புறப்படும் ஊரிலேயே வாங்க வேண்டும். நிற்கும் நேரத்தில் கப்பல் தன் எஞ்சினை ஓட்டிப் புகை விடாமல் கரையில் இருந்தே மின்சாரம் எடுக்க வேண்டும். இங்கிருந்து வேலைக்குப் போகும் பிள்ளைகளின் ஒப்பந்தத்தில் ஓய்வு நேரமும் சம்பளமும் தமிழில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். கப்பல் வருவதற்கு முன்பு கேட்டால் இவை நிபந்தனைகள். வந்த பிறகு கேட்டால் வெறும் கோரிக்கைகள். கொடியசைக்கும் நாளுக்கு முந்தைய நாள் வரைதான் ஊரின் கையில் பேரம் பேசும் பலம் இருக்கிறது.

2025இல் ஐகானின் தங்கைக் கப்பலான 'ஸ்டார் ஆஃப் த சீஸ்' ஓடத் தொடங்கிவிட்டது. அதே வரிசையில் மேலும் கப்பல்கள் வர இருக்கின்றன. அந்த விழாக்களிலும் பாட்டில் உடையும், எத்தனை குளம் என்ற செய்தி வரும். அதைப் படிக்கும்போது கூடவே இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பழகுங்கள். அந்தக் கப்பல் நிற்கும் ஊரில், அது போன பிறகு மாலையில் மிச்சம் இருப்பது என்ன?